ராட்டின ரசிகர்கள்

உலகத்தில் ரசிகர்கள் பல ரகம். சங்கீத ரசிகர்களை நமக்குத் தெரியும். மார்கழி பிறந்துவிட்டால் வீட்டில் அடுப்பு மூட்டினார்களா இல்லையா என்றுகூட அவர்கள் கேட்பதில்லை. சினிமா ரசிகர்களைத் தெரியும். கிரிக்கெட் ரசிகர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களைக் கட்டிக்கொண்டு அவஸ்தைப்படும் சகோதரிகள் பலர் எனக்குச் சிநேகிதிகள்! ஆனால் ராட்டினத்துக்கு ரசிகர்கள் உண்டு என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

2019 ஆகஸ்டு மாதம் வரையில் நானும் அப்படி ஒரு ஜாதி இருப்பதைக் கேள்விப்பட்டதில்லை. அந்த மாதம் லண்டனில் என் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மாள். 68 வயது. தபாலாபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு கம்பளி நூல் உருண்டை. ஒரு நாள் என்னைத் தேநீர் சாப்பிடக் கூப்பிட்டார். ரோஜாச் செடிகளைக் காட்டுவார், அல்லது பூனையைக் காட்டுவார் என்று எண்ணிக்கொண்டு போனேன். அவர் காட்டியது பதினொரு நோட்டுப் புத்தகங்கள்.

அத்தனையும் ராட்டினக் கணக்கு! நம் ஊர்ப் பொருட்காட்சியில் சுற்றுகிற ராட்டினம் அல்ல. 'ரோலர் கோஸ்டர்' என்கிறார்களே, தண்டவாளத்தின் மீது மலை ஏறி மலை இறங்கும் ரயில், அது. எந்த ஊர், என்ன தேதி, வெயிலா மழையா, எத்தனையாவது வண்டி, பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று கோடு போட்டுப் பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தார். மொத்தம் 314 ரயில்கள். ஒரு முறை ஏறிய ரயிலில் நூறு முறை ஏறினாலும் கணக்கில் ஒன்றுதானாம். அதில் ஏமாற்றுகிறவர்களை இந்த ரசிகர்கள் மன்னிப்பதில்லை!

"பாவம்டி, புருஷன் போன துக்கத்தில் இப்படி ஆகிவிட்டார் போலிருக்கிறது" என்றாள் அக்கா. அது தப்பு. முதல் நோட்டு அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. 'பக்கத்தில் யார்' என்ற பத்தியில் இருபத்தாறு வருஷம் ஒரே பெயர் வருகிறது. அதற்குப் பிறகு, 'யாரோ ஒரு பையன்', 'நீலச் சட்டைப் பெண்', 'யாருமில்லை' என்று வருகிறது.

பத்திரிகைக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறதா? மார்கேட் வரையில் போய் வரலாம்" என்றார்.

★

மார்கேட்டுக்குப் போகும் முன் இந்த ரயிலின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இதன் பிறந்த வீடு ருஷ்யா. அங்கே குளிர்காலத்தில் மரத்தால் உயரமான சாரம் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றி உறைய வைத்துச் சறுக்கி விளையாடினார்கள். அது பிறகு பிரான்சுக்குப் போயிற்று. 1817-ல் பாரிஸில் இதற்கு 'ருஷ்ய மலை' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், ருஷ்யர்கள் இதை 'அமெரிக்க மலை' என்கிறார்கள்! பிறந்த வீட்டாரே பெண்ணை அடையாளம் தெரியாமல் "நீ எந்த ஊர் அம்மா?" என்று கேட்கிற கதைதான்.

அமெரிக்காவில் இதை ஜனங்களிடம் கொண்டு சேர்த்தவர் லாமார்கஸ் தாம்ஸன். அவர் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா? பெண்கள் அணியும் காலுறை தயாரிப்பது! ஜனங்கள் மதுக்கடைகளில் காலம் கழிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு போய் வரக்கூடிய கௌரவமான பொழுதுபோக்கு வேண்டும் என்று 1884-ல் நியூயார்க்கை அடுத்த கோனி ஐலண்டில் ஒரு சறுக்கு ரயில் போட்டார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல்! அதற்கே ஜனங்கள் முண்டியடித்தார்களாம். பிற்பாடு, வழியில் குகையும் மலையும் சித்திரங்களுமாக ஜோடித்து 'சீனிக் ரயில்வே' என்று பெயர் வைத்தார். அந்த ரகத்தில் ஒன்றுதான் மார்கேட்டில் இருப்பது.

இதற்கு எஞ்சின் கிடையாது. கீழிருந்து உச்சி வரையில் ஓர் இரும்புக் கயிறு வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அப்புறம் எல்லாம் பூமாதேவியின் பொறுப்பு. இறங்குகிற வேகத்தில் அடுத்த மேட்டில் ஏற வேண்டியது. அங்கிருந்து மறுபடியும் இறங்க வேண்டியது. ஒவ்வொரு மேடும் கயிறு ஏற்றிவிட்ட உச்சியைவிடக் குட்டையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி பாதியில் நின்றுவிடும்.

★

மார்கேட் இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் மாகாணக் கடற்கரை ஊர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மணல் வெளி. அதைத் தாண்டிப் பார்த்தால் 1935-ல் கட்டிய ஒரு சினிமாக் கொட்டகையின் கோபுரம், 'ட்ரீம்லாண்ட்' என்ற எழுத்துக்களோடு ஓங்கி நிற்கிறது. அதன் பின்னால்தான் அந்தக் கேளிக்கைத் தோட்டம்.

ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவர் 1919-ல் இந்த இடத்தை வாங்கி, 1920-ல் மர ரயிலை ஓடவிட்டார். உயரம் நாற்பது அடிதான். இன்று முந்நூறு, நானூறு அடி உயரத்துக்கு இரும்பு ரயில்கள் வந்துவிட்ட உலகத்தில் இது ஒரு குழந்தை. ஆனால் இதில் ஒரு விசேஷம் உண்டு. இப்போதைய ரயில்களுக்குத் தண்டவாளத்தின் அடியிலும் சக்கரம் இருக்கும், வண்டி எகிறாது. இதற்கு அது கிடையாது. ஆகையால் வண்டிகளுக்கு நடுவே ஒரு மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறார். எந்த இறக்கத்தில் விட வேண்டும், எந்தத் திருப்பத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. இப்படி ஆள் நின்று பிரேக் போட்டு ஓட்டுகிற ரயில்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

"பயமாக இருக்கிறதா?" என்றார் அம்மாள்.

"இல்லை" என்றேன். சென்னையின் மானத்தை நான்தானே காப்பாற்ற வேண்டும்!

கயிறு 'கடகட'வென்று இழுத்தது. உச்சியில் ஒரு கணம் கடல் முழுவதும் தெரிந்தது. அடுத்த கணம் வயிறு மேலேயும் நான் கீழேயுமாகப் போய்க்கொண்டிருந்தோம். மரச் சாரம் முழுவதும் 'கிறீச்' என்று முனகிற்று. நான் 'அம்மா!' என்று கத்தியது கென்ட் மாகாணம் பூராவுக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மாளோ கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரியில் ஆலாபனை கேட்கிறவரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "மூன்றாவது மேட்டில் சத்தம் மாறியிருக்கிறது, கவனித்தீர்களா? புது மரம்!" என்றார் இறங்கியதும்.

புது மரம் என்று அவர் சொன்னதில் ஒரு பெரிய கதை அடங்கியிருந்தது. கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலை அவரும், உருளைக்கிழங்கை மட்டும் நானுமாகச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டேன்.

★

விமான டிக்கெட் மலிவானதும் ஆங்கிலேயர்கள் ஸ்பெயினுக்கும் கிரீஸுக்கும் வெயில் காயப் போய்விட்டார்கள். மார்கேட் போன்ற ஊர்கள் களையிழந்தன. ட்ரீம்லாண்டிலும் கூட்டம் குறைந்தது. 2002-ல் சர்க்கார் அந்த மர ரயிலைப் பாதுகாக்க வேண்டிய சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். கோயில், கோட்டை, பிரபுக்களின் மாளிகை இவை இடம் பெறும் பட்டியலில் ஒரு விளையாட்டு ரயில் ஏறியது பிரிட்டனில் அதுவே முதல் தடவை. ஆனால் அடுத்த வருஷமே, தோட்டத்தை மூடிவிட்டு நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். பத்திரம் அவர் பெயரில். மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? நிக் லெய்ஸ்டர் என்ற நகரத் திட்ட ஆலோசகர் முன்னின்று 'ட்ரீம்லாண்டைக் காப்பாற்றுங்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார். நம் அம்மாளும் அதில் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. தெரிந்தது தபால். வாரத்துக்கு நான்கு கடிதம். நகரசபைக்கு ஒன்று, பாராளுமன்ற அங்கத்தினருக்கு ஒன்று, பத்திரிகைகளுக்கு இரண்டு. "ஊரான் சொத்துக்கு நீ ஏன் அம்மா தபால்தலை வாங்குகிறாய்?" என்று மகன் கேட்டானாம்.

2008 ஏப்ரல் 7-ந் தேதி, திங்கட்கிழமை. யாரோ தீ வைத்துவிட்டார்கள். ரயிலின் நாலில் ஒரு பங்கு சாம்பல். வண்டிகள் போயின, பட்டறை போயிற்று. அந்தச் சமயம்தான் அம்மாளின் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். தொலைக்காட்சியில் கரும்புகையைப் பார்த்துவிட்டு, "உன் கடிதங்களுக்கு இனி வேலை இல்லை" என்றாராம் அவர். அம்மாள் அன்று இரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "முக்கால் பங்கு நிற்கிறது" என்று ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதி, கணவரிடம் படித்துக் காட்டினார். தபால்தலையை அவரே ஒட்டிக் கொடுத்தாராம். அந்த வருஷத்துக்குள் அவர் காலமாகிவிட்டார்.

முக்கால் பங்கு போதும் என்றுதான் பிறகு நிரூபணமாயிற்று. 2011-ல், பாதி கருகி நின்ற அந்த ரயிலின் அந்தஸ்தைச் சர்க்கார் ஒரு படி உயர்த்தினார்கள்! நகரசபை நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முனைந்தது. விசாரணை, வழக்கு எல்லாம் தாண்டி 2013 செப்டம்பரில் இடம் நகரசபை வசமாயிற்று. 2015 ஜூனில் தோட்டம் திறந்தது. அக்டோபரில் மர ரயில் மறுபடியும் ஓடிற்று. அதோடு தொல்லை தீர்ந்ததா? தோட்டத்தை நடத்திய கம்பெனி மறு வருஷமே கடனில் தத்தளித்தது. இம்மாதிரிப் பழம் பொருள்களைக் காப்பாற்றுவது, சர்க்கரை வியாதிக்காரரைக் கவனித்துக்கொள்வது போல. ஒரு நாளில் முடிந்துவிடுகிற வேலை அல்ல.

★

இது மார்கேட்டில் மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 1977-ல் அமெரிக்காவில் 'ரோலர் கோஸ்டர்' என்ற சினிமாப் படம் வந்தது. அதையொட்டி விர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில், யார் அதிக நேரம் ரயிலில் உட்காருகிறார்கள் என்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். அங்கே முன்பின் தெரியாத சிலர் சிநேகமாகி 1978-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். உல்லாசத்துக்காகச் சேர்ந்தவர்கள், பழைய மர ரயில்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு அவற்றுக்காக வாதாட ஆரம்பித்தார்கள். பிரிட்டனிலும் 1988-ல் இப்படி ஒரு சங்கம் தோன்றியது.

கோனி ஐலண்டில் 'சைக்ளோன்' என்று 1927-ல் போட்ட ரயில் ஒன்று. 1970-களில், பக்கத்திலிருந்த மீன் காட்சிசாலை விஸ்தரிப்புக்கு அந்த இடம் வேண்டும் என்றார்கள். ஜனங்கள் விடவில்லை. 1988-ல் அது நியூயார்க் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. பென்ஸில்வேனியாவில் 1902-ல் பிறந்த 'லீப் தி டிப்ஸ்' 1985-ல் நின்றுபோய்ப் பதினாலு வருஷம் செடி கொடிகளுக்கு நடுவே கிடந்தது. பணம் திரட்டிப் பழுது பார்த்து 1999-ல் அதை எழுப்பி ஓட வைத்தார்கள். இந்த ரசிகர்களில் யாருக்கும் இந்த ரயில்களில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை.

அதைத்தான் நான் அந்த அம்மாளிடம் கேட்டேன். "உங்களுடையது அல்லாத ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பாடு?"

மீன் முள்ளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே அவர் பதில் சொன்னார்: "என்னுடையதாக இருந்திருந்தால் ஒருவேளை நானும் விற்றிருப்பேன். நிலத்துக்கு நல்ல விலை வந்ததே! என்னுடையது இல்லை, அதனால் எனக்கு விற்கத் தோன்றவில்லை."

பிறகு கைப்பையிலிருந்து பன்னிரண்டாவது நோட்டை எடுத்தார். 'மார்கேட். வெயில். இரண்டாவது வண்டி' என்று எழுதினார். 'பக்கத்தில் யார்' என்ற இடத்தில் என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டார்.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கத்தான் செய்யும். மாமியார் போட்டு வைத்த கோலப் புள்ளிக் கணக்கு, கச்சேரிக்குக் கச்சேரி தாத்தா குறித்து வைத்த பாட்டு வரிசை, பையன் எழுதி வைத்திருக்கும் பஸ் நம்பர்கள். "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று நாமும் கேட்டிருப்போம். ஒரு பொருள் அழியப் போகும்போதுதான், அதைத் தினமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்ற கேள்வி பிறக்கிறது. பத்திரம் வைத்திருப்பவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது; நோட்டு வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும். ஆகவே, அடுத்த தடவை பழைய பேப்பர்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போது, கட்டோடு கட்டாகத் தூக்கிப் போடுவதற்கு முன், ஒரு பக்கமாவது பிரித்துப் பாருங்கள்.