அம்மாவின் குறையையும் எழுத வேண்டும்

ஆகஸ்ட் 27, புன்னக்காயல்

இன்று புனித மோனிக்கா திருநாள், நாளை அவர் மகன் அகுஸ்தீனுக்கு. இறந்துபோன தாயை எப்படி நினைப்பது என்று யோசிக்கிறவனுக்கு இந்த இருவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மோனிக்காவுக்கு இரண்டு நினைவுச் சின்னங்கள் உண்டு, இரண்டும் இரண்டு திசையில் இழுக்கின்றன. ஒன்று கல்வெட்டு. அவர் 387இல், தம் 56ஆவது வயதில், ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில் இறந்தார். பிற்பாடு ரோமானியப் பிரமுகர் ஒருவர் அங்கே செய்யுளாக ஒரு கல் வெட்டி வைத்தார். 1945இல் சிறுவர்கள் குழி தோண்டியபோது அதன் உடைந்த துண்டு கிடைத்தது. கற்பில் சிறந்தவள், அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்ற பாக்கியவதி. கல்லில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவும் அகுஸ்தீனை விளித்துத்தான் பேசுகிறது. மோனிக்கா என்ற பெயரே அந்தச் செய்யுளில் கிடையாது.

நம் கடற்கரையின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இந்தக் கல்லுக்கு நெருங்கிய உறவு. மேலே சிலுவை, பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தி, மூலையில் ரோஜா. அன்பின் சிகரம், தியாகச் சுடர். கீழே மகன்மார், மகள்மார், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று வரிசை. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த ஊரும். படத்தையும் பெயரையும் மாற்றினால் அடுத்த தெரு அம்மாவுக்கும் அப்படியே ஒட்டலாம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சாவு விழுந்த ராத்திரியில் அச்சகத்துக்கு ஓடுகிறவனிடம் நல்ல உரைநடையை யார் கேட்பார்கள்? ஆனால் முதலாம் ஆண்டு நினைவுக்கும் அதே வரிகள், பத்தாம் ஆண்டுக்கும் அதே வரிகள் என்றால், பத்து வருஷமாக அந்த அம்மாவை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகஸ்ட் 28

இரண்டாவது சின்னம் புத்தகம். தாய் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் அவரைப் பற்றி எழுதினார். அங்கே அவர் செய்த காரியம் நம் வீடுகளில் இன்றும் நடக்காது. மோனிக்கா சிறுமியாக இருந்தபோது திராட்சை ரசம் மொண்டு வர அனுப்புவார்களாம். முதலில் உதட்டு நுனியால் தொட்டவர், நாளாவட்டத்தில் கிண்ணம் நிறையக் குடிக்கப் பழகிவிட்டார். வேலைக்காரச் சிறுமி ஒருத்தி சண்டையில் குடிகாரி என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று. ஓர் ஆயர் தம் தாயைப் பற்றி இதையா எழுதுவது? எழுதினார். எழுதியதால்தான் ரோஷமும் மனவுறுதியும் உள்ள ஒரு பெண்பிள்ளை நம் கண்ணுக்குத் தெரிகிறாள். 'நற்குணம்' என்று வெட்டிய கல்லில் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள்.

கோபக்காரக் கணவரிடம் மோனிக்கா நடந்துகொண்ட விதத்தையும் மகன் மறைக்கவில்லை. அவர் கொதிக்கும்போது வாய் திறக்கமாட்டார். அடங்கிய பிறகு நியாயத்தைச் சொல்வார். அடிபட்ட காயத்தோடு வந்து புலம்பும் மற்ற மனைவிமாரிடம், தாலி கட்டிய நாளிலேயே நாம் அடிமைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று என்கிற பாணியில் புத்தி சொல்வார். (தாலி என் வார்த்தை, அவர் வாழ்ந்த வட ஆப்பிரிக்காவில் ஏது தாலி.) இந்தப் புத்திமதி தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இறந்து 1600 வருஷமான ஒரு தாயோடு இன்று நான் வாக்குவாதம் செய்ய முடிகிறதென்றால் அதற்கு அவர் மகனின் நேர்மைதான் காரணம். தியாகச் சுடரோடு யாரும் வாதாட முடியாது.

தாயை இப்படித் தனி ஆளாக எழுத வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் பலமானது பட்டினத்தார். தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது அவர் பாடியதாக வழங்கும் பாடல்களில் இருப்பவை சுமந்தது, பெற்றது, பாலூட்டியது. எல்லாத் தாய்க்கும் பொருந்துபவை. அப்படியிருந்தும் தமிழில் தாய்க்கு அழுத பாட்டு என்றால் அதுதான். உண்மை. ஆனால் அது பிள்ளையின் துக்கம். துக்கத்துக்குப் பொதுமொழி போதும், அதனால்தான் எந்தச் சாவு வீட்டிலும் அது பொருந்துகிறது. ஒருத்தி எப்படிப்பட்டவள் என்று சொல்வது வேறு வேலை. பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் 1977 அக்டோபரில் தாய் இறந்த மறுநாளே துண்டுத் தாள்களில் துக்கக் குறிப்பு எழுதத் தொடங்கினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எழுதினார், 2009இல் அது புத்தகமாயிற்று. அதிலும் நிறைந்திருப்பது பெரும்பாலும் மகனின் வலிதான். நாட்குறிப்பு என்பதாலேயே தாய் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை.

இன்னொரு மறுப்பு: செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதே, சின்ன ஊரில் குறையை எழுதிவைத்தால் ஊர் அதைத்தானே பிடித்துக்கொள்ளும்? நியாயம்தான். ஆகவே எந்தக் குறை என்பதில் அளவு வேண்டும். அவர் ரகசியமாக வைத்திருந்ததைத் தோண்ட வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்ததை மறைக்கவும் வேண்டாம். ஊருக்கே தெரிந்த வாய்த்துடுக்கை 'சாந்தத்தின் வடிவம்' என்று அச்சடித்தால், ஒட்டிய சுவருக்கு முன்னாலேயே நாலு பேர் சிரிப்பார்கள். கச்சான் பலமாக வீசி வள்ளம் இறக்க முடியாத நாட்களில் நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, கடன்காரனிடம் தவணை பேசி அடுப்பெரிய வைத்த பெண்களுக்கு அந்த வாய்தான் முதல். அதை நீக்கிவிட்டுப் பொறுமையைப் புகழ்வது அவர்களின் உழைப்பையே நீக்குவதாகும்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பூசைக்குக் கொடுத்த பெயர்கள் வாசிக்கப்படும் நாள். 'அறிக்கைகள்' முழுவதிலும் மோனிக்காவின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் இதற்காகத்தான்: வாசிக்கிறவர்கள் பீடத்தில் அவரைப் பெயர் சொல்லி நினைக்க வேண்டும் என்று மகன் கேட்கும் இடம். கணவரின் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று சொந்த ஊரில் கல்லறை வரை தயார் செய்துவைத்திருந்த மோனிக்கா, சாகும் தறுவாயில் அதை விட்டுவிட்டார். உடம்பை எங்கே போட்டாலும் சரி, பீடத்தில் நினைத்தால் போதும் என்றார்.

நினைப்பதோடு எழுதியும் வைக்கலாம். பிறர் வாழ்க்கையை உரைநடையில் எழுதி அச்சேற்றும் பழக்கம் தமிழுக்கு வந்ததில் இந்த ஊருக்குப் பங்குண்டு. புன்னக்காயலில் இருந்து உழைத்த போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் அச்சானது, பேச்சுக்கு நெருங்கிய தமிழில். புனிதர்களைப் பற்றி அந்தத் தமிழில் எழுதலாம் என்றால் அம்மாவைப் பற்றி எழுதக்கூடாதா? ஆனால் மகன்மார் எழுதினால் பெரும்பாலும் தங்களைப் பற்றியே எழுதிவிடுகிறார்கள். கணக்கு வழக்கு, சண்டை, சமாதானம் எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மகள்மாரும் கொழுந்திமாரும்தான். அடுத்த ஆண்டு நினைவுக்குச் சுவரொட்டி அடிக்கக் கொடுக்கும் முன், அவர்களிடம் போய் அம்மா யாரிடம் எதற்குச் சண்டை போட்டாள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.