கட்டை

எங்கள் ஜவ்வாது மலையில் 'கட்டை' என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அடுப்புக்கு எரிப்பது விறகு. கட்டை என்றால் சந்தனக்கட்டை, செம்மரக்கட்டை. 'கட்டை வெட்டப் போயிருக்கான்' என்று ஒரு வீட்டில் தணிந்த குரலில் சொன்னால், அவன் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் சோறு இறங்காது.

இந்தக் கட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் கேக்காகச் செய்து தின்கிறார்கள் என்று என் தங்கச்சி சொன்னாள். புதுச்சேரியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள் அவள். 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். டிசம்பர் வந்தால் அங்கே ரொட்டிக்கடைகளில் 'பூஷ் த நோயல்' வைப்பார்கள். பூஷ் என்றால் கட்டை, நோயல் என்றால் கிறிஸ்துமஸ்.

அந்தக் குளிர்நாட்டில் கிறிஸ்துமசுக்கு முந்தின ராத்திரி பெரிய கட்டை ஒன்றைக் கணப்பில் போட்டு எரிப்பார்களாம். அதன்மேல் ஒயின் தெளிப்பதும், மிஞ்சின கரியை வீட்டுக்குக் காப்பாக எடுத்து வைப்பதும் வழக்கம். அப்புறம் பெரிய கணப்புகள் போய் இரும்பு அடுப்புகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டை கேக்காக மாறிச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

போன டிசம்பரில் லீவுக்கு வந்தவள் அதை எங்கள் வீட்டில் செய்தாள். எங்களிடம் ஓவன் ஏது? அலுமினியத் தேக்சாவில் மணலைப் பரப்பி விறகடுப்பில் ஏற்றினோம். மூடிமேல் தணல் அள்ளிக் கொட்டினோம். நாலு நாட்டுக்கோழி முட்டை, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் மாவு. மைதாவுக்குப் பதில் எங்கள் கொல்லியில் விளைந்த சாமையை அரைத்துச் சலித்த மாவு. முட்டையும் சர்க்கரையும் வெளுத்து நுரை கட்டுகிறவரை மாற்றி மாற்றி அடித்ததில் கை கடுத்துப் போச்சு. சோடா உப்பெல்லாம் கிடையாது, அந்த நுரைதான் கேக்கைத் தூக்கும் என்றாள். தட்டில் மெல்லிசாக ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் துணியோடு சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டினாள். ஆறினதும் பிரித்து, வெண்ணெயும் கோகோவும் மலைத்தேனும் குழைத்துத் தடவி மறுபடி சுருட்டினாள்.

மைதாவுக்கு உள்ள பசை சாமைக்கு இல்லை. அங்கங்கே வெடித்தது. "வெடிச்சா நல்லதுதாண்ணா, பட்டை மாதிரியே இருக்கும்" என்று சிரித்தாள். ஒரு முனையைச் சாய்வாக வெட்டி மேலே கிளையாக ஒட்டினாள். மிச்சக் குழைவை வெளியே பூசி, ஈர்க்குச்சியால் கோடு இழுத்தாள். அசல் கட்டையேதான்.

திண்ணையில் ஆற வைத்திருந்தோம். பெரியப்பா வந்தார்.

"இன்னாடா இது, கட்டையா?"

"கேக்கு பெரிப்பா. தின்றது."

அவர் சிரிக்கவில்லை. "தின்றதா இருந்தாலும் உள்ள எடுத்துட்டுப் போங்க. ரோட்டுல போறவன் வர்றவன் கண்ணுல பட வேணாம்."

வயசுக் காலத்தில் விறகொடிக்கப் போனவரைச் சந்தனக்கட்டை கேசில் பிடித்துக்கொண்டு போனார்கள். எத்தனை வாய்தாவுக்கு நடந்தார் என்று இன்றைக்கும் விரல் விட்டு எண்ணுவார். அவருடைய பயத்தைக் கிழவரின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லித்தான் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல்தான் தீர்ப்பு வந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அவர்களும் எங்களைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள்.

அந்தச் செம்மரம் சீனாவில் நாற்காலியாகிறது, ஜப்பானில் இசைக்கருவியாகிறது. உட்காருகிறவனையும் வாசிக்கிறவனையும் யாரும் சுடப்போவதில்லை. மழை பொய்த்தால் சாமையும் இல்லை, கூலியும் இல்லை என்று நிற்கிறவனைத்தான் புரோக்கர் தேடி வருகிறான். குண்டும் அவனைத்தான் தேடி வருகிறது.

1882இல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் போட்டுக் காட்டை அரசாங்கத்துக் கணக்கில் எழுதினான். தேனும் புளியும் கடுக்காயும் எடுக்க, விற்க எங்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஒத்துக்கொள்ள 2006 ஆயிற்று. நூற்றிருபத்து நாலு வருஷம். காகிதத்தில் வந்த உரிமை, விறகுச் சுமையோடு ரோட்டில் வருகிற பெண்ணின் பயத்தை இன்னும் போக்கவில்லை.

பிரெஞ்சுக்காரன் கட்டையைப் பலகாரமாக்கி விளையாடுகிறான்; அதைத் தின்ன அவன் கதவைச் சாத்த வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளும் கேக்கை ஆளுக்கொரு துண்டு தின்றார்கள், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். கதவைத் திறந்து வைத்துத் தின்னும் உரிமையைத்தான் கேட்கிறோம்.