கழுத்தைக் கழற்றினால் வயது தெரியும்!

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

மேடையில் பாடகர் பாடுகிறார், கைதட்டல் அவருக்கு. தபேலாக்காரர் ஓர் உருட்டு உருட்டுகிறார், விசில் அவருக்கு. இவர்களுக்குப் பின்னால், நான்கு தடித்த கம்பிகள் கொண்ட நீண்ட கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரை யாராவது கவனித்ததுண்டா? அவர் வாசிப்பது காதில் விழுவதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் விழும். இளையராஜாவின் பாடல்களில் பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போகிறதே, அதை வாசிக்கும் கருவிதான் பேஸ் கிதார்.

தபால்தலை சேர்ப்பவரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்பவரையும் அறிவோம். அதுபோல அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பழைய மின்சார பேஸ் கிதார்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கிதாருக்குக் கொடுக்கும் விலையில் எங்கள் தெருவில் கிணற்றோடு ஒரு வீடு வாங்கிவிடலாம். ஆகையால் நான் சேர்ப்பது கிதார்களை அல்ல. அவற்றின் அங்க அடையாளங்களை! விற்பனைக்கு வரும் கிதார்களின் படங்களைப் பார்த்து, எண்களையும் முத்திரைகளையும் 200 பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். இயற்பியல் மாணவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதில் இயற்பியலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்நாளில் ஆளுயர மர பேஸைத்தான் நின்றுகொண்டு வாசிப்பார்கள். அதைத் தூக்கிச் செல்வதே ஒரு வேலை. அதன் ஒலியோ மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அமுங்கிப் போகும். 1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் செய்து பார்த்தார், அது பரவவில்லை. 1951இல் ஃபெண்டர் கொண்டுவந்ததுதான் உலகைப் பிடித்துக்கொண்டது. வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் வைத்ததால் சுருதி பிசகாமல் வாசிக்கலாம். துல்லியம் என்ற பொருளில் அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார்.

அதன் தத்துவம் நமக்குப் பாடத்தில் வந்ததுதான். காந்தத்தின்மேல் இரும்புக் கம்பி அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தானே! மிகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஆனால் அந்தச் சுருள், அறையிலுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே பிடித்துவிடும். 1957இல் ஃபெண்டர் நிறுவனத்தார் சுருளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் சுற்றும் திசையையும் காந்தத் துருவத்தையும் மாற்றி வைத்ததும், கம்பிகளின் ஒலி அப்படியே இருந்தது. இரைச்சல் ஒன்றையொன்று வெட்டி மறைந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த லென்ஸ் விதியை நான் உண்மையில் புரிந்துகொண்டது இதைப் படித்தபோதுதான்.

சரி, ஒரு பழைய கிதாரின் வயதை எப்படிச் சொல்வது? கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடும் அதில் வரிசை எண்ணும் இருக்கும். அதைப் பார்த்தால் போதும் என்று நினைப்போம். போதாது! ஃபெண்டர் தொழிற்சாலையில் அந்தத் தகடுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டினார்கள்; எண்கள் வரிசையாகப் போகவில்லை. எங்கள் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த தேதி ஒன்று. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் என்று பாட்டி சொல்லும் தேதி இன்னொன்று. வரிசை எண் அந்த வாத்தியார் தேதி மாதிரி.

பாட்டி சொல்லும் தேதி உள்ளே இருக்கிறது. நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தை எடுத்தால், அதன் அடியில் தேதி குறித்திருப்பார்கள். 1962 வாக்கில் வரை பென்சிலால். அதன்பின் ரப்பர் முத்திரையால். ஆனால் அது கழுத்து செய்த நாளே தவிர, கிதார் பூட்டிய நாள் அல்ல. அடுத்து வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் உள்ள எண். 304-6320 என்று இருந்தால் 304 என்பது அதைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம். 63 என்பது 1963ஆம் ஆண்டு. 20 என்பது அவ்வாண்டின் இருபதாவது வாரம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1966இல் ஃபெண்டர் நிறுவனம் இவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்துச் சில ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே இந்த எண், கிதார் இதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று மட்டுமே சொல்லும். ஈயம் வைத்த இடங்கள் பிறகு யாரும் தொடாதவையா, மேற்பூச்சு பழைய நைட்ரோ செல்லுலோஸா அல்லது பின்னாளைய பாலியெஸ்டரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின்தான் வாயைத் திறக்க வேண்டும். 1965இல் நிறுவனம் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதில் விலை பெரிதும் மாறுவதால், இதில் பொய் சொல்வோரும் அதிகம்.

அடையாளம் காண்பது விலைக்காக மட்டுமல்ல. பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972இல் லண்டனில் வேனிலிருந்து திருடு போயிற்று. அது கிடைத்த செய்தி 2024இல்தான் வெளிவந்தது. அதே கிதார்தான் என்று ஹோஃப்னர் நிறுவனமே உறுதி செய்தது. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களுக்கெல்லாம் அடிநாதமாக இருந்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ், 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பேஸ் கிதார் உண்டு. என் மாமா மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். சென்னையில் தொழிலை விட்டுப்போன ஒரு மூத்த வாசிப்பாளரிடம் 1998இல் அதை வாங்கினார். ‘62 மாடல், ஒரிஜினல் அமெரிக்கன்’ என்று சொல்லிக் கொடுத்தாராம். தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற எழுத்தும் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் அதை ‘அமெரிக்கன்’ என்றே சொல்வோம். இப்போது பல திருவிழாக்களில் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசித்துவிடுகிறார். மாமாவுக்கு அழைப்பு குறைந்துவிட்டது. அக்கா கல்யாணத்துக்கு அடகு வைத்த வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. சென்ற தை மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர், உண்மையான 62 என்றால் மூன்று லட்சம் தருவதாகச் சொன்னார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு. நீதான் படிக்கிற புள்ள. பாத்துச் சொல்லு” என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவரை என் படிப்பைப் பற்றி வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, எப்போது முடியும் என்பதுதான். படிப்பை நம்பி ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்தின் வெர்னியர் அளவியை ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிப் போனேன். திண்ணையில் பழைய வேட்டியை விரித்துக் கழுத்தைக் கழற்றினோம். பென்சிலும் இல்லை, முத்திரையும் இல்லை. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உண்மையான ஃபெண்டர்களிலும் அப்படிச் சில உண்டு. பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தேன். குழிக்குள் மரம் ஒட்டுப்பலகைபோல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. 1962இல் ஃபெண்டர் பெரும்பாலும் ஆல்டர் மரத்தில் செய்தார்கள், ஒட்டுப்பலகையில் அல்ல. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண் இல்லை. அதன் தண்டை அளந்தேன். அமெரிக்கக் கால் அங்குலத் தண்டு 6.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெர்னியர் 6.0 காட்டியது. மூன்று தடவை அளந்தேன். பூச்சியப் பிழையும் பார்த்தேன். 6.0தான்!

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து, “என்னடா ஆச்சு?” என்று இரண்டு முறை கேட்டாள். அமெரிக்கக் கிதாரைப் பார்த்து 1970களில் ஜப்பானில் செய்த பலவற்றுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றேன். மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சத்தம் நல்லாத்தானே இருக்கு?” என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்றேன், அது பொய்யல்ல.

மேல்படம் மட்டும் அனுப்பினால் போதும், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். மாமா பதில் சொல்லவில்லை. பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். படங்களோடு அந்தத் தாளையும் அவரே பெங்களூருக்கு அனுப்பினார். அதன்பின் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. பங்குனியில் இரண்டு திருவிழாக்களுக்கு மாமா அதே கிதாரை எடுத்துப் போய் வாசித்தார்.

பவானிப் பக்கம் ஒரு குழுவில் இன்னொரு பழைய பேஸ் இருக்கிறதாம். அந்த வீட்டாரும் அமெரிக்கன் என்றுதான் சொல்கிறார்களாம். தேர்வு முடிந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். திருப்புளி அவர் கொண்டுவருவார். வெர்னியருக்கு நான்தான் மறுபடியும் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.