நாயும் பூனையும் ஒரே கட்சி

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. தமிழ்நாட்டுப் பழைய கோயில்கள் பலவற்றின் கல்தரையில் அந்தக் கட்டத்தை இன்றும் பார்க்கலாம். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. வழியை அடைக்கத்தான் தெரியும். திருவண்ணாமலையில் வளர்ந்து, பிறகு மேஜிக் த கேதரிங் சீட்டுகளைக் கையில் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டு இனம் என்றால் பாதிக்குப் பாதி என்று அர்த்தமில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

ஆனாலும் முதல் டெக்கை (ஆடும் சீட்டுக்கட்டை) பலரும் பாதிக்குப் பாதிதான் கட்டுகிறார்கள்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த ஆட்டம் இது. டெக்கில் குறைந்தது 60 சீட்டு. அடிப்படை லேண்ட் (சீட்டை இறக்கச் செலவாகும் மானாவைத் தருவது) தவிர எதுவும் 4 பிரதிக்கு மேல் கூடாது. கையில் 7 சீட்டு, ஆளுக்கு 20 உயிர். போட்டிக்குப் போவதானால் கதை வேறு. பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் வண்டி நகராதபோது, நாலு நண்பர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆடுவதற்கு விருப்பப்பட்ட இனத்தை வைத்துக் கட்டலாம்.

நாயும் பூனையும் அதற்குத் தோதான ஜோடி. 2020இல் வந்த ‘கோர் செட் 2021’ இரண்டுக்கும் தனித்தனித் தலைவர்களைக் கொடுத்தது. ‘பேக் லீடர்’ மற்ற நாய்களுக்கு +1/+1, அதாவது அடிக்கும் பலத்திலும் தாங்கும் பலத்திலும் ஒன்று கூடுதலாகத் தரும். ‘ஃபீலைன் சாவரின்’ மற்ற பூனைகளுக்கு +1/+1 தருவதோடு, நாய்களிடமிருந்து பாதுகாப்பும் தரும். (வடிவமைத்தவர்களுக்குக் குறும்பு ஜாஸ்தி.) இரண்டிலும் நாலு நாலு போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. 4 பிரதி உள்ள ஒரு சீட்டு முதல் 7இல் வர சுமார் 40 சதவீத வாய்ப்பு. இரண்டு தலைவரும் சேர்ந்து வர 15 சதவீதம்கூட இல்லை. பூனைத் தலைவர் கையில் இருப்பார், மேஜையில் நாய்களாக நிற்கும்.

ஆகவே இரண்டையும் முடிச்சுப் போடும் சீட்டு வேண்டும். அதே தொகுப்பின் ‘ரின் அண்ட் செரி’ அதைத்தான் செய்கிறது: நாய் இறக்கினால் ஒரு பூனை டோக்கன் (டெக்கில் இல்லாத இலவச மிருகம்), பூனை இறக்கினால் ஒரு நாய் டோக்கன். பிறகு மூன்று மானா கொடுத்து அந்தச் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால், நாய்களின் எண்ணிக்கைக்கு எதிராளிக்கு அடி, பூனைகளின் எண்ணிக்கைக்கு நமக்கு உயிர். லெஜண்டரி என்பதால் மேஜையில் ஒன்றுதான் நிற்கும். 3 பிரதி போதும்.

இதைவிட ருசியானது, 2007இல் ‘லோர்வின்’ தொகுப்பு கொண்டுவந்த சேஞ்ச்லிங். அந்தத் திறன் உள்ள சீட்டு ஒரே நேரத்தில் எல்லா இனமும்தான். ‘கமேலியன் கொலோசஸ்’ நாலு மானாவுக்கு 4/4. ரின் அண்ட் செரி மேஜையில் இருக்கும்போது அதை இறக்கினால் நாய் ஒன்று, பூனை ஒன்று, இரண்டுமே வரும். பூனைத் தலைவரும் இருந்தால் கொலோசஸ் 5/5. ஒரே சீட்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இனி வேலைப் பங்கீடு. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது, பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. இந்த டெக்கில் நாய்க்கு அதே உத்தியோகம். ஒரு மானாவுக்கு வரும் ‘செல்ஃப்லெஸ் சேவியர்’ தன்னைப் பலி கொடுத்து இன்னொன்றை அழியாமல் காக்கும். நாய்கள் மலிவாக இறங்கிக் காவல் நிற்கட்டும், பூனைகள் அடிக்கப் போகட்டும். அடிக்கப் போகாத நாயும் ரின் அண்ட் செரியின் அடிக்குக் கணக்கில் சேரும். அப்படிப் பார்த்தால் பேக் லீடருக்கு இங்கே இடமில்லை. மனசு கேட்காதுதான்.

24 லேண்ட், 12 பூனை, 10 நாய், 6 சேஞ்ச்லிங், 3 ரின் அண்ட் செரி, எதிராளியின் பெரிய மிருகத்தை ஒழிக்க 5 சீட்டு. ரின் அண்ட் செரி மூன்று நிற மானா கேட்பதால் இரண்டு நிற மானா தரும் லேண்டுகளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சீட்டுகளை ஆர்டர் போடுவதற்கு முன்னால் பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பழைய சீட்டுக்கு முன்னால் உறையில் செருகி, நண்பர்களோடு பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். கையில் வரும்போதெல்லாம் எந்தச் சீட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதோ, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.