அப்பாயியின் ஜனாதிபதி

எங்கள் வீட்டில் ஒரு நிரந்தர எதிர்க்கட்சி இருக்கிறது. வயது எழுபத்தொன்பது. கொடி கிடையாது, சின்னம் கிடையாது, சுருக்குப் பை மட்டும் உண்டு. என் அப்பாயி.

அப்பாவின் அம்மாவை நீங்கள் பாட்டி என்பீர்கள், ஆத்தா என்பீர்கள். பந்தலூரில் எங்களைப் போன்ற 'சிலோன்காரங்க' வீடுகளில் அப்பாயிதான். சர்க்கார் பாஷையில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது. "நான் பொறந்தது ஹட்டன் பக்கம். பார்க்காத ஊருக்கு எப்படிடா திரும்புறது?" என்பாள் அப்பாயி. பி.காம். படித்த என்னிடம் இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அப்பா தொ.மு.ச. சித்தப்பா அண்ணா தொழிற்சங்கம். ஒரே லைன், ஒரே சுவர், இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் இலை. நடுவில் அப்பாயி. டேன்டீயில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள், இரண்டு சங்கத்துக்கும் நிரந்தர உறுப்பினர் ஆகவில்லை. "மழைக்கு ஒதுங்க ரெண்டு கொட்டாயும் வேணும். குடியிருக்க ஒண்ணும் வேணாம்."

பொதுக்கூட்டம் என்றால் மட்டும் தவறாமல் போவாள். பேச்சு கேட்க அல்ல, நாற்காலி எண்ண. "மேடையில பதினாறு நாற்காலி. பொம்பளைக்கு ஒண்ணு. அதுவும் குத்துவிளக்கு ஏத்தினதும் எந்திரிச்சு அண்ணனுக்குக் குடுத்திடணும்." இது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும் விமரிசனம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் வாய் மூடுகிற அபூர்வ சந்தர்ப்பம் அது. சித்தப்பா பெண், தேவாலாக்காரப் பையனை, மலையாளி, வேதக்கார வீடு, கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோதும் குடும்பக் கூட்டத்தில் ஆதரித்து விழுந்த ஒரே ஓட்டு அப்பாயியுடையது. அந்த ஒரு ஓட்டு ஜெயித்தது. எப்படி என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் ஓட்டுகளுக்கெல்லாம் ஒரே மதிப்பு கிடையாது.

ஜனாதிபதித் தேர்தலிலும் அப்படித்தானே? அங்கேதான் வருகிறேன்.

அப்பாயியின் தம்பி இன்னும் ஹட்டனில் இருக்கிறார். அவர் அங்கே, இவள் இங்கே என்று ஆனது சாஸ்திரியும் சிறிமாவோவும் 1964 அக்டோபரில் போட்ட கையெழுத்தால். ஒன்பதே முக்கால் லட்சம் பேர். அதில் ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டாக் கிளியரன்ஸ் மாதிரி இருக்கிறது இல்லையா? கல்லூரியில் எனக்கு ஐந்து மார்க் கணக்கு இதைவிடக் கஷ்டமாக வரும்.

அதற்கு முந்திய கதை இன்னும் மோசம். 1931லேயே ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்த நாடு இலங்கை. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் ஓட்டும் போயிற்று. அப்பாயிக்கு அப்போது வயது மூன்று. "பல்லு முளைச்சு முடியறதுக்குள்ள நாடு போச்சு" என்பாள். அந்த நேரத்தில் கொழும்பில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் வி.வி.கிரி. அவரேதான் 1969இல் மனச்சாட்சி ஓட்டில் ஜெயித்து நம் ஜனாதிபதி ஆனார். "தொழிற்சங்கக்காரரு. நல்ல மனுசன்தான். ஆனா அந்த மனச்சாட்சி ஓட்டை எங்களுக்கு ஒரு இருபது வருசம் முந்திக் கேட்டிருக்கலாம்!"

1973இல் கையில் என் அப்பா, இடுப்பில் சித்தப்பா, கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட், ஒரு டிரங்குப் பெட்டி. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் படுத்து, கடைசியில் சேரம்பாடி மழை. 1977இல் வாழ்க்கையின் முதல் ஓட்டு, முப்பத்தொரு வயதில். தம்பிக்கு அதுகூட இல்லை. 1988இல் வந்த சட்டத்துக்கு அப்புறம்தான் பிரஜாவுரிமை. ஆனால் 1994 நவம்பரில் அவர் போட்டது சும்மா ஓட்டு இல்லை. நேராக ஜனாதிபதிக்கு! 'அக்கா, நான் சனாதிபதியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்கள் நாட்டில் உனக்கு அந்த உரிமை உண்டா?' என்று கடிதம் வந்ததாம். அப்பாயி பதினைந்து நாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொல்வாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் தேர்தல் யுத்தம். முதலில் கடிதம், அப்புறம் எஸ்.டி.டி. பூத், இப்போது வாட்ஸ்அப்.

இலங்கை ஜனாதிபதி வேட்பாளர்களைப் பற்றி அப்பாயியிடம் கேட்டால் டீ ஆறிவிடும். 1982இல் நடந்த முதல் தேர்தலில் நின்றவர்கள் ஆறு பேர். 2019இல் முப்பத்தைந்து. 2024இல் முப்பத்தெட்டு. "வேலையில்லாத் திண்டாட்டம்!" என்பது அவள் கருத்து. சந்திரிகா, மகிந்த, மைத்திரிபால என்று வரிசையாக எல்லாரும் 'ஜெயித்தால் இந்த நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பேன்' என்றுதான் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தபின் நாற்காலி பிடித்துவிடும். "கல்யாணத்துக்கு முந்தி குடியை விட்டுர்றேம்பான் பாரு, அந்த மாதிரி" என்பாள். தாத்தா போட்டோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

சின்னங்களில் அவளுக்குத் தனி ருசி. ராஜபக்சக்களுக்குத் தாமரை மொட்டு, இங்கே இரட்டை இலை. "ரெண்டையும் ஒட்டவை. ரெண்டு இலை ஒரு மொட்டு! முப்பது வருசம் நான் பறிச்சது அதான்." ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு அங்கே தோட்டமே ஓட்டுப் போட்டது. பந்தலூர் யானை வேறு ஜாதி. ராத்திரி வந்து லைன் வீட்டுக் கூரையில் கை வைக்கும். "எந்த ஊரா இருந்தாலும் யானை ஓட்டைப் பிரிக்கும்டா" என்றாள் ஒருநாள். சித்தப்பா இதை அரசியல் கூட்டணி பற்றிய கருத்து என்று நினைத்து அரைமணி நேரம் விவாதித்தார்.

2024இல் மட்டும் விளையாட்டு இல்லை, நிஜச் சண்டை. தம்பி அநுர குமார திசாநாயக்கவுக்கு என்றார். அப்பாயி கொதித்துவிட்டாள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தபோது அவள் அங்கே இருந்தவள். அந்தக் காலத்தில் அவர்கள் எடுத்த ஐந்து வகுப்பில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத்துத் தமிழன் அதற்கு ஆள். "கொழுந்துக் கூடை தூக்கினவ எந்த நாட்டை விஸ்தரிச்சேன்?" தம்பி, "அவங்க மாறிட்டாங்க அக்கா" என்றார். "மாறட்டும். மாறினதைப் பத்து வருசம் பார்த்துட்டு ஓட்டுப் போடு." "பத்து வருசம் நான் இருப்பேனா அக்கா?" என்றார் அவர். போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பாயி, "சரி, ஒனக்குத்தான் மூணு விருப்பம் இருக்கே. ரெண்டாவதா யாரைப் போட்ட?" என்று இறங்கி வந்தாள். யாருக்கும் ஐம்பது சதவிகிதம் கிடைக்காமல், அந்த நாட்டில் முதல் முறையாக அந்த வருஷம்தான் இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். அவளுக்கு ஒரே பெருமை. "மனுசனுக்கு மனசு ரெண்டா மூணா இருக்கறதை ஒத்துக்குற ஓட்டுச்சீட்டு. நம்ம கூடலூர் தொகுதிக்கும் அது வேணும்."

நம் ஜனாதிபதித் தேர்தலிலும் ஒன்று, இரண்டு என்று விருப்பம்தான் எழுத வேண்டும். ஆனால் எழுதுவது எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும். அதற்காக அப்பாயி கருத்துச் சொல்லாமல் இருப்பாளா? 2002இல் அவள் பட்ட பாடு! ஒரு பக்கம் அப்துல் கலாம், அவள் கப்பல் விட்டு இறங்கிய ராமேஸ்வரத்துப் பிள்ளை. இன்னொரு பக்கம் இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமி. அவருக்கு அப்போது எண்பத்தேழு வயது. நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் அவர் கீழே துப்பாக்கி பிடித்த பெண்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழச்சிகள். "ஊர்க்காரனா, தோட்டக்காரியா?" என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கலாம் ஒன்பது லட்சத்துச் சொச்சம் மதிப்பு வாங்கினார், லட்சுமி ஒரு லட்சத்துச் சொச்சம். "ஜெயிச்சது சரி. நின்னதும் சரி" என்று தீர்ப்பு எழுதி ஃபைலை மூடினாள்.

2022 ஜூலையில் ஒரு வேடிக்கை. 18ஆம் தேதி இங்கே ஜனாதிபதித் தேர்தல். கோட்டாபய ஓடிப்போனதால் 20ஆம் தேதி அங்கே பாராளுமன்றம் கூடி 134 ஓட்டில் ரணிலைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரு வாரம் தம்பிக்கும் ஓட்டு இல்லை! அப்பாயி போன் போட்டு, "இப்ப சமம்டா" என்றாள். திரௌபதி முர்மு ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம். முன்னூற்று நாற்பது அறை உள்ள மாளிகைக்கு ஒரு பழங்குடிப் பெண் போகிறாள். "நம்ம பணியப் பொம்பளைக்கு எத்தனை அறைன்னும் யாராச்சும் எண்ணினா நல்லாருக்கும்" என்று அதே மூச்சில் சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டாள். "நம்ம எம்.எல்.ஏ. ஓட்டுக்கு என்ன மதிப்பு?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காமர்ஸ் படித்ததற்குப் பயன்! தாள் எடுத்துப் போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டு ஜனத்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை 234 எம்.எல்.ஏ.வால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கும் மதிப்பு 176.

"தமிழ்நாட்டுல நாலு கோடிதானா?"

"இல்ல அப்பாயி, இது 1971 கணக்கெடுப்பு. அதையே நிறுத்தி வச்சிருக்காங்க. 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் கணக்கெடுப்பு வந்தாத்தான் மாறும்."

"நான் வந்தது எழுவத்தி மூணுல."

நான் பேனாவை மூடினேன்.

"அப்ப அந்த நூத்தி எழுவத்தாறுல நான் இல்ல."

கணக்குப்படி இல்லை. அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாக்கை வெட்டிக்கொண்டே, "அடுத்த கணக்கு எடுக்கறவரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

இப்போது 2025 நவம்பருக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். வீட்டுக்கு வீடு படிவம். பழைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று எழுத வேண்டும். நான்தான் வீட்டு ஆடிட்டர் ஆயிற்றே, "நான் பார்த்துக்கறேன்" என்று ராத்திரி போனில் பந்தலூர் பட்டியலைத் திறந்தேன். ஸ்கேன் செய்த பக்கங்கள். ஒன்று, இரண்டு, பத்து... அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், சண்டைக்காரப் பக்கத்து வீடுகூட இருந்தது. அப்பாயி இல்லை.

மூன்று ராத்திரி தேடினேன். சொல்லவும் பயம். நாலாம் நாள் காலையில் அவளாகவே டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த 1973 பாஸ்போர்ட்டை என் லேப்டாப் மேல் வைத்தாள். "இதையும் காட்டு. மூணு வயசுல ஒரு தடவை எடுத்தாங்க. அப்ப என்கிட்ட காயிதம் இல்ல. இப்ப இருக்கு." அவள் கை நடுங்கியது. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

தப்பு யாருடையதும் இல்லை, என்னுடையது. அந்தப் பழைய பட்டியல் காலத்தில் அவள் ரிடையர் ஆகவில்லை, தனியாக சேரம்பாடி டிவிஷன் லைனில் இருந்தாள். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. சேரம்பாடி பாகத்தைத் திறந்தேன். ஏழாவது பக்கம். தாத்தா பெயர் சரி, வயது சரி, அவள் பெயரில் மட்டும் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது.

"கால் போனா என்ன? நடந்துதானே வந்தேன்" என்றாள். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

டிசம்பர் 19 வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கியிருந்தன. செத்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். நான் மொபைலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பாகத்தில் அவள் பெயரைக் கண்டுபிடித்தேன். "சத்தமா வாசி" என்றாள். வாசித்தேன். "இன்னொரு தடவை." வாசித்தேன். அப்படியே ஹட்டனுக்கு வீடியோ கால். "எம்பேரு இருக்குடா!" அந்தப் பக்கம் பொக்கை வாய்ச் சிரிப்பு. "யாருக்கு அக்கா போடப் போற?" "அது ரகசியம். ஓட்டுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? ஒன்னைவிட நான் பதினேழு வருசம் சீனியர்."

ஆனால் அந்தக் கால் இந்தப் பட்டியலிலும் இல்லை. திருத்தத்துக்குப் படிவம் 8. நான் நிரப்ப உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பார்த்துடா. அவசரத்துல ரெண்டு கால் போட்டுராத."