நிறையும் எடையும்

அறிவியல் தமிழ் என்றதும் நம் ஆய்வாளர்க்குக் கலைச்சொல்லாக்கமே நினைவிற்கு வரும். அச்சொல் வகுப்பறையில் எவ்வாறு பொருள்கொள்ளப்படுகிறது என்பதோ அறிவியல் கல்வி ஆய்வின் பாற்படும். மும்பையில் 1974இல் தோன்றிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வுகள் நிகழ்கின்றன.

நான் வாழும் சாந்த்ராகாச்சியில், அண்டைவீட்டுத் தமிழ்ச் சிறுவன் பள்ளியில் 'பொர்', 'ஓஜொன்' என்னும் வங்கச் சொற்களை வேறுபடுத்திக் கற்கிறான். வீட்டில் அவனுக்கு உள்ளது 'எடை' ஒன்றே. அரிசியின் எடையைக் கிலோகிராமில் கூறலாமா என வினவினான். நியூட்டன் என்றல்லவா பாடம் கூறுகிறது!

தமிழ்ப் பாடநூல்கள் இடத்திற்கேற்ப மாறாத பொருளளவை 'நிறை' என்றும், அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்புவிசையை 'எடை' என்றும் வரையறுக்கின்றன. தொல்காப்பியம் அளவுப்பெயரோடு நிறைப்பெயரையும் ஓதுகிறது. உரையாசிரியர் காட்டும் கழஞ்சு, தொடி, பலம் முதலியன துலாக்கோலில் நிறுத்தறிந்தவை. தட்டுத்தராசு ஒப்பிடுவது நிறையையே. நிலவிலும் அவ்வொப்பீடு மாறாது. ஆகவே பாடநூலின் தேர்வு பொருத்தமானதே எனலாம். 'நிறுத்தல்' என்னும் வினை கடைத்தெருவில் வாழ, 'நிறை' என்னும் பெயர் அங்கு வழக்கொழிந்தமையே மாணவனின் இடர்ப்பாடு.

இலக்கண ஆய்வாளரும் இயற்பியல் ஆசிரியரும் இணைந்தாலன்றி இச்சிக்கல் தெளிவுறாது. தட்டுத்தராசையும் சுருள்வில் தராசையும் வகுப்பில் வைத்து, மாணவர் தம் சொற்களில் கூறுவனவற்றைப் பதிவுசெய்து தொடங்கலாம்.