தல்லகொண்டபாடு: செருப்புத் தைத்தவர்களின் சபை

நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தோடு இருந்த காலத்தில், ஓங்கோலிலிருந்து சுமார் 40 மைல் உள்ளே தள்ளிக் கிடந்த சிற்றூர் தல்லகொண்டபாடு. ஊருக்கு வெளியே மாதிகர் குடியிருப்பு. கமலைக்குத் தோல்சால் தைப்பது, குடியானவர்களுக்குச் செருப்புத் தைத்துக் கொடுப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, திருவிழாவில் தப்பு அடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியமே கூலி. தெலுங்கு நாட்டு பாப்டிஸ்ட் சபையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஊரைத் தாண்டிப்போய் 1878 ஜூலை 3-இல்தான் தொடங்குவார்கள். தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்துகொண்டிருந்த வேளை. அன்று குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். எண்ணிக்கை பெரிது என்பதால் காரணமும் அந்த ஆண்டிலேயே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்: ஒன்று பஞ்சம், அல்லது ஓங்கோலில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் ஜான் கிளஃப். ஆனால் அந்தச் சபைக்கு அடித்தளம் 11 ஆண்டுகளுக்கு முன்பே தல்லகொண்டபாட்டில் விழுந்துவிட்டது. அதைப் போட்டவர்கள் மிஷனரிகள் அல்லர், தோல் வியாபாரமும் உறவுமுறையும் இணைத்து வைத்திருந்த மாதிகர்கள் என்பதே சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

முதல் சான்று நெல்லூரிலேயே இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் அங்கே 1840-இல் நிலைகொண்டது. தெருப் பிரசங்கம், துண்டுப் பிரசுரம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தன. கால் நூற்றாண்டு கழித்தும் விசுவாசிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரைபடத்தில் தன்னந்தனியாக ஒரே புள்ளியாக நின்றதால் 'ஒற்றை நட்சத்திரம்' என்று பேர் வந்தது. மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் ஒருமுறைக்கு மேல் விவாதித்தார்கள். கிளஃப் 1866-இல் ஓங்கோலுக்குக் குடிபெயர்ந்து, 1867 ஜனவரி 1 அன்று அங்கே சபையை அமைத்தபோது உறுப்பினர்கள் எட்டே பேர். அதே மாதம் அவர் தல்லகொண்டபாட்டுக்குப் போனார். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மாதிகர்கள் சோறும் துணிமணியும் கட்டிக்கொண்டு வந்து புளியந்தோப்பில் நாள்கணக்கில் தங்கினார்கள். 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். போதனை நெல்லூரில் சொன்னதேதான். வித்தியாசம் கேட்க வந்தவர்களிடம் இருந்தது.

அவர்களைத் திரட்டியவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. தோல் வாங்க வடக்கே போய்வரும் வியாபாரி. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் வெறும் பாத்திரமாகக் காத்திருந்தவரும் அல்லர். வீரம்மா என்ற பெண் குருவிடம் ராஜயோகம் கற்று, தாமே சீடர்களைச் சேர்த்துக்கொண்டவர். வியாபாரத்துக்காக ஏலூர்ப் பக்கம் போனபோது அங்கிருந்த ஆங்கில மிஷனரி ஒருவரிடம் புதுப் போதனையைக் கேட்டார். 1866-இல் மனைவி நாகம்மாவோடு ஞானஸ்நானம் பெற்றார். கிளஃப் வந்து இறங்குவதற்குள் தம் சீடர்களிடமும் உறவினர்களிடமும் பேசி முடித்திருந்தார். கிளஃபின் மனைவி எம்மா ரௌஷன்புஷ் அந்தக் காலத்து மாதிகப் பிரசங்கிகளை நேரில் கேட்டு 1899-இல் வெளியிட்ட நூல் இந்த யோகப் பின்னணியை விரிவாகவே சொல்கிறது. குரு சொன்னால் சீடர் கேட்பதும், பெண் கொடுத்த ஊருக்குச் செய்தி போவதும் ஏற்கெனவே இருந்த வழிகள். அந்த வழியில் புதுச் செய்தி போனது, அவ்வளவுதான்.

இது சோற்றுக்காக மாறிய கூட்டம் என்பது பழைய ஆட்சேபம், ஒதுக்கிவிடக் கூடியதும் அல்ல. பஞ்சத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்தார்; அவருடைய தெலுங்குப் பிரசங்கிகளே மேஸ்திரிகளாக நின்றார்கள். மண் சுமந்து கூலி வாங்கியவர்களுக்கு அவர்கள்மீது நம்பிக்கை பிறந்தது உண்மை. ஆனால் நிவாரணம் நடந்த காலத்தில், ஓராண்டுக்கும் மேலாக, கிளஃப் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பஞ்சத்தின் விளைச்சலை எண்ணுவதற்கு முன்பே சபையில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். சேர்வதற்குக் கொடுத்த விலையும் கணக்கில் வர வேண்டும். செத்த மாட்டிறைச்சி கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, சிலை வணக்கம் கூடாது என்ற மூன்று விதிகளும் மாதிகரின் ஊர்க்கடமைகளை நேராக வெட்டின. திருவிழாவில் தப்பு அடிக்க மறுத்தவனுக்குக் களத்து தானியம் எப்படிக் கிடைக்கும்? கிணற்றையும் மேய்ச்சலையும் மறுத்த ஊர்கள் உண்டு. வயிற்றுக்காக மட்டும் வந்திருந்தால், கையிலிருந்த கூலியைப் பறிக்கும் விதிகளுக்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

கிளஃபின் ஆளுமைதான் காரணம் என்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். மாதிகர்கள் வரத் தொடங்கியதும் ஓங்கோல் மேல்சாதியார் தங்கள் பிள்ளைகளை மிஷன் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள்; மாதிகர்களை விட்டால் மேல்சாதியார் வருவார்கள் என்ற நிலையில் கிளஃப் மாதிகர் பக்கமே நின்றார். அந்த முடிவு அவருடையது. ஆனால் 1878 ஜூலையில் மூன்று நாளில் 3,536 பேர் ஆற்றில் இறங்கியபோது ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்குப் பிரசங்கிகள், இருவர் இருவராக மாறி மாறி. வந்தவர்களை ஊர் ஊராக அறிந்து, இவர் விசுவாசி என்று சாட்சி சொல்லக்கூடியவர்களும் அந்தப் பிரசங்கிகள்தான். பாப்டிஸ்ட் கோட்பாட்டில் ஒவ்வொருவரும் தாமே அறிக்கையிட வேண்டும். குடியிருப்போ முடிவைக் கூட்டாகத்தான் எடுத்தது. இது முரண்பாடு என்று அன்றே மிஷனரிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். தனிமனிதன் உறவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால்தான் உண்மையான விசுவாசம் என்பது அமெரிக்கச் சிற்றூரின் எதிர்பார்ப்பு. தல்லகொண்டபாட்டில் அப்படி வந்தவனுக்குக் குந்த ஒரு திண்ணைகூட இருந்திருக்காது.

இந்த வாதத்துக்கு வலுவான ஆதாரம் சபையின் எல்லையிலேயே கிடைக்கிறது. பக்கத்துத் தெருவில் வாழ்ந்து, அதே தீண்டாமையை அனுபவித்து, அதே பஞ்சத்தில் பட்டினி கிடந்த மாலர்கள் ஓங்கோல் சபைக்கு அதிகம் வரவில்லை. குண்டூர்ப் பக்கத்து லுத்தரன் சபையில்தான் அவர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பசியும் கிளஃபும் இரு தெருவுக்கும் பொது. பேரய்யாவின் சம்பந்திகளும் சீடர்களும் மட்டும் ஒரு தெருவுக்கே சொந்தமாக இருந்தார்கள்.